‘கேட்டுக்கொல்கிறேன்’ முதல் ‘சுவற்றில்’ வரை: தமிழில் பிழை குறைத்து எழுத ஒரு வழி

“தங்கள் பதிலை விரைவில் அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொல்கிறேன்.”

மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. இப்படி ஒரு வரி மாதம் ஒருமுறையாவது என் மேசைக்கு வந்துவிடும். எழுதியவர் உண்மையிலேயே பணிவானவர்தான். ஒரு ளகரம் வழுக்கியதில் கொலைகாரர் ஆகிவிட்டார், அவ்வளவே.

பள்ளியோடு தமிழ் எழுதுவதை விட்டுவிட்டு, இப்போது வேலைக்காகவோ ஆசைக்காகவோ மறுபடி எழுத வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். மூன்றாம் நாள் மூடி வைத்துவிடுவீர்கள். எல்லாப் பிழையும் ஒன்றல்ல. சில பிழைகள் பொருளையே மாற்றிவிடும். சில, எழுதியவர் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும். சில, தமிழாசிரியர்களே இன்னும் சண்டை போட்டுக்கொள்பவை. இந்த வரிசையிலேயே சரிசெய்துகொண்டு வாருங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் சந்தியில் தொடங்கி, இரண்டு சொற்கள் சேருமிடத்தில் க், ச், த், ப் என்ற ஒற்றை எங்கே போடுவது என்று தெரியாமல் திணறி, கடைசியில் கண்ட இடத்திலெல்லாம் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் விசைப்பலகை

பாதிப் பிழைகள் அறியாமையால் வருபவை அல்ல, விரலால் வருபவை. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையில், பல செயலிகளில் சிறிய ‘எல்’ அடித்தால் ல, பெரிய ‘எல்’ அடித்தால் ள, ‘இசட்’ அடித்தால் ழ. ஷிஃப்ட் விசையை அழுத்தச் சோம்பல்பட்டால் ‘பள்ளி’ பல்லியாகிவிடும். கைப்பேசி இன்னும் மோசம். அதுவாகவே நாலு சொற்களை நீட்டும். அவசரத்தில் முதல் சொல்லைத் தொட்டுவிட்டுப் போய்விடுவோம்.

நிறைய எழுதப் போகிறீர்கள் என்றால் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அமைப்பு அது. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை. இன்னொரு வசதியும் உண்டு: ந-வை அடித்து அடுத்துத் த-வை அடித்தால் புள்ளி தானாகவே விழுந்து ‘ந்த’ ஆகிவிடும். ண-வும் ட-வும், ன-வும் ற-வும் அப்படித்தான். அதை வடிவமைத்தவர்கள் தமிழ் எழுத்துகளில் எது எதோடு சேரும் என்ற விதியை விசைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அந்த விதி கீழே வருகிறது.

போலி எழுத்துகளையும் இங்கேயே கவனித்துவிடலாம். ஔவையாரின் முதலெழுத்து ஒரே எழுத்து. பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்துகளை அடித்து ‘ஒளவையார்’ ஆக்குகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது; தேடும்போது மட்டும் கிடைக்காது. சந்தேகம் இருந்தால் அழிக்கும் விசையைத் தட்டிப் பாருங்கள். ஒருமுறை தட்டியதும் மொத்தமும் போனால் அசல். ஒ மட்டும் மிஞ்சி நின்றால் போலி. ‘எ’ வேண்டிய இடத்தில் 7ஐக் குறிக்கும் பழைய தமிழ் எண்ணான ‘௭’ உட்கார்ந்திருப்பதும் இதே கதைதான்.

ல, ள, ழ, ர, ற, ன, ண, ந

றன்னகரம், டண்ணகரம், தந்நகரம் என்று பள்ளியில் ஒப்பித்திருப்பீர்கள். அந்தப் பெயர்களுக்குள்ளேயே விதி இருக்கிறது என்று எனக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. ற-வுக்கு முன்னால் ன், ட-வுக்கு முன்னால் ண், த-வுக்கு முன்னால் ந். கன்று, நண்டு, பந்து. ஆகவே ‘கண்று’, ‘நன்டு’, ‘பன்து’ என்று தமிழ்ச் சொல் இருக்கவே முடியாது. சொல்லின் தொடக்கத்தில் எப்போதும் ந-தான். ன-வும் ண-வும் அங்கே வருவதில்லை. இந்த இரண்டே செய்திகள் னகரச் சிக்கலில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

அடுத்தது ல, ள, ழ. இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்று: சொல்லை இறந்தகாலத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

கொல், கொன்றான். செல், சென்றான். வெல், வென்றான். இங்கே ன், ற வந்தால் அடியில் இருப்பது ல்.

கொள், கொண்டான். ஆள், ஆண்டான். உருள், உருண்டான். கேள், கேட்டான். ண், ட வந்தால் அது ள்.

வாழ், வாழ்ந்தான். வீழ், வீழ்ந்தான். எதுவும் மாறாமல் நின்றால் ழ்.

பெயர்ச்சொல்லுக்கும் இது ஓரளவு செல்லும். கல் ‘கற்கள்’ ஆகும். முள் ‘முட்கள்’ ஆகும். இது மந்திரம் எதுவும் இல்லை. ல, ன, ற மூன்றையும் சொல்லும்போது நாநுனி மேல்பல் ஈறுகளின் பின்பகுதியை ஒட்டிப் பிறக்கும். ள, ண, ட மூன்றுக்கும் நா பின்னோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். ஒரே இடத்தில் பிறப்பவை ஒன்று இன்னொன்றாக மாறுகின்றன. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாவே சொல்லும்.

இப்போது அந்தக் கடிதத்துக்குத் திரும்புவோம். நேற்று என்றால் என்ன எழுதுவார்? ‘கேட்டுக்கொண்டேன்’. ண், ட. ஆகவே கொள். யாரையும் கொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சோதனைக்குள் அடங்காதவற்றை மனத்தில்தான் பதிய வைக்க வேண்டும். வலி உடம்பில், வழி தரையில், வளி காற்று. வானொலியில் ஒலிபரப்பு, தொலைக்காட்சியில் ஒளிபரப்பு. ‘முப்பது ஆண்டுகள் பனியாற்றினார்’ என்று ஓய்வுபெறுபவரின் வாழ்த்துமடலில் பார்த்திருக்கிறேன். அவ்வளவு குளிர் எந்த அலுவலகத்தில் என்று தெரியவில்லை. பணி என்றால் வேலை. ‘மண்ணிக்கவும்’ என்பதும் அடிக்கடி வரும். மன்னிப்பில் மண் இல்லை.

ர, ற இரண்டும் பேச்சில் பலருக்கு ஒன்றாகிவிட்டன. காது இங்கே உதவாது. ன் பக்கத்தில் ற மட்டுமே வரும், ர வராது என்ற விதி கொஞ்சம் கைகொடுக்கும்: தென்றல், என்று, தோன்றியது. மற்றதற்குப் பழக்கம்தான் வழி. ஆனால் இரண்டு சொற்களை இன்றே சரிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அவை நெருக்கமான தருணங்களில் எழுதப்படுபவை. ஒருவர் இறந்த செய்திக்குக் கீழே எழுத வேண்டியது ‘ஆழ்ந்த இரங்கல்’. இரங்கு என்றால் மனம் இளகு. இறங்கு என்றால் கீழே வா. துக்கத்தில் இருப்பவரிடம் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று சொன்னால் கிணற்றில் இறங்கச் சொல்வது போல இருக்கிறது. இன்னொன்று ‘உங்கள் அக்கரைக்கு நன்றி’. அக்கரை ஆற்றின் மறுகரை. உங்களிடம் அவர்கள் காட்டியது அக்கறை.

சொல்லின் வேரைத் தேடுங்கள்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு சொல்லின் எழுத்தில் ஐயம் வந்தால், அது எதிலிருந்து பிறந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

‘சுவற்றில் எழுதாதே’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த அறிவிப்பின் மேலேயே திருத்தி எழுதத் தோன்றும். கிணறு, கிணற்றில். கயிறு, கயிற்றில். வயிறு, வயிற்றில். இவையெல்லாம் று என்று முடிபவை. அதனால் ற்று வருகிறது. சுவர் அப்படி முடியவில்லையே. சுவர், சுவரில். அவ்வளவுதான். பதட்டமா, பதற்றமா? பதறுகிறோம், ஆகவே பதற்றம். கோர்த்தானா, கோத்தானா? வேர் கோ. அதிலிருந்துதான் கோவை, அலுவலகத்துக் கோப்பு, கைகோத்தல் எல்லாம். பேச்சில் இடையே ஒரு ர் நுழைந்துவிட்டது, எழுத்தில் விடாதீர்கள்.

‘அன்னாரை நினைவு கூறுகிறோம்’ என்று எழுதுபவர்கள், நினைவைச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூறுதல் அல்ல, கூர்தல். கூர் என்றால் மிகுதல். அன்பு கூர்ந்து என்கிறோமே, அந்தக் கூர். இறந்தகாலத்தில் ‘நினைவுகூர்ந்தார்’ என்றுதான் எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள், நிகழ்காலத்தில் மட்டும் தடுமாறுகிறார்கள்.

எண்களை எழுத்தால் எழுதும்போது கவனம். மூன்று நூறு சேர்ந்தால் முந்நூறு. ‘முன்னூறு’ என்றால் முன்னால் உள்ள நூறு. ஐந்நூறும் அப்படியே. 90ஐ எழுதும்போது தொண்ணூறு, ‘தொன்னூறு’ அல்ல. ஓட்டுநர், இயக்குநர், பெறுநர், அனுப்புநர் எல்லாம் ஓட்டு, இயக்கு, பெறு, அனுப்பு என்ற வினைகளோடு நர் சேர்ந்தவை. உறுப்பினர் அப்படியல்ல, உறுப்பு என்ற பெயரோடு இனர் சேர்ந்தது. அதனால் அங்கே ன.

இதே இடத்தில் இன்னொரு விதி. தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வாய்க்கால், வளர்ச்சி, அதிர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை. ற்-க்கும் ட்-க்கும் அந்த உரிமை இல்லை. ஆகவே பயிற்சி, முயற்சி, ஏற்பாடு, கற்பனை, காட்சி, நட்பு. ‘பயிற்ச்சி’, ‘ஏற்ப்பாடு’, ‘நட்ப்பு’ என்று இரட்டைப் புள்ளியைக் கண்டதுமே கை நிற்க வேண்டும். பொருள்கூடத் தெரிய வேண்டாம், கண்ணாலேயே பிடித்துவிடலாம். ஆனால் ‘எதிர்ப்பார்க்கிறேன்’ இந்தச் சல்லடையில் தப்பிவிடும், ர்-க்கு உரிமை உண்டு என்பதால். அது எதிர்பார்க்கிறேன். எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை, காத்திருக்கிறீர்கள்.

எழுவாயும் பயனிலையும்

‘கோரிக்கைகள் ஏற்கப்பட்டது’ என்பது ‘ஏற்கப்பட்டன’ ஆக வேண்டும். சின்ன வாக்கியத்தில் யாரும் தவறுவதில்லை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே இரண்டு வரி புகுந்தால்தான் பன்மை மறந்துபோகிறது. வாக்கியத்தை எழுதி முடித்ததும் இடையில் உள்ளதையெல்லாம் கையால் மறைத்துவிட்டு முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் மட்டும் படியுங்கள்.

‘ஒவ்வொரு வீடுகளிலும்’ என்று எழுத வேண்டாம். ஒவ்வொரு என்றாலே ஒன்றுதான்: ஒவ்வொரு வீட்டிலும். உயிருள்ள மனிதரை ‘எனது நண்பர்’ என்பதைவிட ‘என் நண்பர்’ என்பது நல்லது. அது என்ற உருபு பொருள்களுக்கு உரியது. கடிதத்தைத் ‘தாங்கள்’ என்று தொடங்கி, நடுவில் ‘உங்கள்’ என்று இறங்கி, கடைசி வரியில் ‘நீ’ வரைக்கும் வந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். எதில் தொடங்கினீர்களோ அதிலேயே நில்லுங்கள்.

இனி சந்தி

சந்திப்பிழையைக் கண்டித்து எழுதுகிறவர்களே அதைச் ‘சந்தி பிழை’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு வழுக்கும் இடம் இது. ஆனால் புதிதாக எழுதுபவர்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. க, ச, த, ப என்ற நாலு எழுத்துகளில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் மட்டும்தான் இந்தக் கேள்வியே எழும்.

தேவைதானா என்று கேட்பவர்களுக்குப் பழைய வகுப்பறை உதாரணம் ஒன்று போதும். தந்த பலகை, யாரோ கொடுத்த பலகை. தந்தப் பலகை, யானைத் தந்தத்தால் ஆன பலகை. ஒரு ப்-தான் வித்தியாசம்.

எங்கே கண்ணை மூடிக்கொண்டு போடலாம்? ஐ, கு என்ற உருபுகளுக்குப் பின்னால்: அவனைப் பார்த்தேன், அவனுக்குக் கொடுத்தேன். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின்னால்: அந்தப் பக்கம், எப்படிச் சொல்வது. ஆக, என ஆகியவற்றின் பின்னால்: நன்றாகப் பேசினார், எனச் சொன்னார். இகரத்திலோ அகரத்திலோ முடியும் வினையெச்சத்தின் (இன்னொரு வினையைக் கொண்டு முடியும் சொல்லின்) பின்னால்: எழுதிப் பார், வரச் சொல். இவ்வளவையும் ஒழுங்காகப் போட்டாலே படிப்பவர் கண்ணில் படும் சந்திப்பிழைகளில் பெரும்பகுதி போய்விடும்.

உகரத்தில் முடியும் வினையெச்சத்தில்தான் குழப்பம். ‘படித்துப் பார்’ சரி, ‘வந்து பார்’ சரி. ஏன் ஒன்றில் ப் வருகிறது, மற்றதில் இல்லை? கடைசி உகரத்துக்கு முன்னால் இருக்கும் ஒற்றைப் பாருங்கள். த்து, ட்டு, ற்று என்று வல்லினம் இரட்டித்து நின்றால் ஒற்று மிகும்: பார்த்துச் சொல், கேட்டுக் கொடு, கற்றுத் தா. ந்து, ண்டு, ன்று, ய்து என்று முடிந்தால் மிகாது: வந்து போ, கண்டு பேசு, நின்று கவனி, செய்து கொடு. வாய்விட்டுப் படித்தால் இதையும் காதே சொல்லிவிடும். ‘வந்துப் போ’ என்று யாரும் பேசுவதில்லையே.

போடக் கூடாத இடத்தில் போடுவது, போட வேண்டிய இடத்தில் விடுவதைவிட எரிச்சல் தரும். ‘சொன்னக் கதை’, ‘வந்தப் பையன்’, ‘பெரியப் பெட்டி’ மூன்றும் தவறு. சொன்ன, வந்த, எழுதிய, பெரிய, சிறிய போன்ற பெயரெச்சங்களுக்குப் பின்னால் மிகாது. பல புத்தகங்கள், சில பக்கங்கள், அது போனது, அவரோடு பேசினேன், அங்கிருந்து புறப்பட்டேன், எங்கும் ஒற்று இல்லை. வினைத்தொகையிலும் (காலம் காட்டாத வினை பெயரோடு சேர்ந்தது) இல்லை: வளர்பிறை, ஏவுகணை, ஊறுகாய். ஐ உருபை விட்டுவிட்டு எழுதினாலும் இல்லை. வேலையைத் தேடுகிறேன், ஆனால் வேலை தேடுகிறேன்.

ஐயம் வந்தால் போடாமல் விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. இதைக் கேட்டால் என் ஆசிரியர் அடிக்க வருவார்.

இடைவெளி

‘வந்துவிட்டான்’ என்றால் வந்து சேர்ந்தான். ‘வந்து விட்டான்’ என்றால் வந்து யாரையோ கொண்டுபோய் விட்டான். துணைவினை முன்னால் உள்ளதோடு ஒட்டியே இருக்கட்டும்: தெரியவில்லை, கேட்டுக்கொண்டார், போய்விடு. தான் என்பது அழுத்தம் தர வந்தால் ஒட்டும்: அவன்தான்.

சண்டைக்குப் போக வேண்டாத இடங்கள்

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? குறுகி ஒலிக்கும் உகரமான குற்றியலுகரத்தில் முடியும் சொல்லுக்கு ஒற்று வேண்டாம் என்று ஒரு கட்சி, வழக்கில் இருக்கிறதே என்று இன்னொரு கட்சி. நான் வாழ்த்துகள் என்று எழுதுகிறேன், மற்றதைத் திருத்துவதில்லை. கறுப்பா, கருப்பா? கறுப்பு என்ற சொல்லுக்குத் தொல்காப்பியம் சினம், நிறம் இரண்டையும் சொல்கிறது. கருமையிலிருந்து கருப்பு என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஒரு கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. மனத்தில், மனதில் இரண்டும் இருக்கட்டும்.

உயிரெழுத்துக்கு முன் ஓர், மெய்க்கு முன் ஒரு என்பது நல்ல பழக்கம். ஆனால் ‘ஓர் வீடு’ என்று அலங்காரத்துக்காக எழுதினால் தெரிந்தவர் சிரிப்பார். ‘முயற்சித்தான்’ என்பதை மட்டும் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. முயன்றான் என்று அழகான சொல் இருக்கும்போது எதற்கு?

அனுப்பும் முன்

எழுதியதும் அனுப்பாதீர்கள். கொஞ்ச நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து, வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். பிறகு பிழை திருத்தும் மென்பொருள்களிடம் கொடுங்கள்: எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திக்கு நாவி, இரண்டும் இணையத்தில் இலவசம். ஆனால் ‘பனியாற்றினார்’ என்பதில் எழுத்துத் திருத்தி குறை காணாது. பனியும் உண்மையான சொல்தானே. சொல்லில் ஐயம் என்றால் அகராதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். இன்றைய வழக்குக்கு, 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி.

நீங்கள் அடிக்கடி செய்யும் பிழைகளைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஏழெட்டுக்கு மேல் இருக்காது. முடிந்ததும் அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டுரைக்குள் தேடுங்கள். என் பட்டியலில் இன்னும் ‘ஏற்கனவே’ இருக்கிறது. ஏற்கெனவே என்று எழுத விரல் மறுக்கிறது.

தலைப்பைத் தனியாகப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாற்பது பக்கக் கையேடு ஒன்றை மூன்று முறை படித்துத் திருத்தினேன். உள்ளே ஓர் ஒற்றுக்கூடப் பிசகவில்லை. அட்டையில், உள்ளங்கை அகல எழுத்தில், ‘பயிற்ச்சிக் கையேடு’ என்று அச்சாகி வந்தது. பெரிய எழுத்தை யாரும் படிப்பதில்லை, பார்க்கத்தான் செய்கிறோம். அன்றிலிருந்து எது வந்தாலும் அட்டையைத்தான் முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, விரல் வைத்து.